எண்ணிக்கை அரசுக்குப் போகட்டும், பெயர் உறைக்குள் இருக்கட்டும்
கருக்கலைப்புத் தகவல்களை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிப்பது குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

2014–15ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் செய்யப்பட்டதாக அரசுப் பதிவேடுகளில் ஏறிய கருக்கலைப்புகள் 7,01,415. ஏறத்தாழ அதே காலத்தை, அதாவது 2015ஆம் ஆண்டை, ஆய்வாளர்கள் வேறு வழியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மருத்துவமனைகளில் நேரில் விசாரித்தார்கள். கருக்கலைப்பு மாத்திரை எவ்வளவு விற்றது என்று பார்த்தார்கள். வந்த விடை 1 கோடியே 56 லட்சம். அதில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 7 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு மாநிலத்துக்கே சரியாய்ப் போகும் எண்ணை நாடு மொத்தத்துக்கும் எழுதி வைத்திருந்தது அரசு ஏடு.

மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், பாப்புலேஷன் கவுன்சில், அமெரிக்காவின் கட்மேக்கர் நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த அந்த மதிப்பீடு ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. மொத்தத்தில் 22 சதவீதம்தான் மருத்துவமனைகளில் நடந்தது. 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தது. மீதி 5 சதவீதம் வேறு வழிகளில். அந்த ‘வேறு வழிகள்’ என்னென்ன என்பது பிரசவ வார்டில் வேலை பார்த்த எந்த நர்ஸுக்கும் தெரியும்.

இந்தக் கணக்கு ஏன் இப்படி ஓட்டையாக இருக்கிறது, அதை அடைக்கிறோம் என்ற பெயரில் பெண்ணின் அந்தரங்கம் எங்கே பறிபோகிறது என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது திருவண்ணாமலையில் பெண்களின் உடல்நலத்துக்காக இயங்கும் இவ்வமைப்பின் கருத்து. நிலைப்பாடு சுருக்கமானது. எத்தனை கருக்கலைப்பு, எத்தனையாவது வாரத்தில், எந்த முறையில், சிக்கல் வந்ததா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும், அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், தவறாமல் அரசுக்குச் சொல்ல வேண்டும். யாருக்கு நடந்தது என்பதை நீதிமன்ற ஆணையின்றி யாருக்கும் சொல்லக் கூடாது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் நிறைவேற்ற முடியாது என்று அமைப்பு கருதுகிறது. அதற்கான காரணங்களே இந்த அறிக்கை.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்குவது பற்றி ஆராய்ந்த சாந்திலால் ஷா குழு 1966இல் அறிக்கை தந்தது. அதையொட்டி 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைகளில் எம்.டி.பி. சட்டம் என்றே இதைச் சொல்வார்கள். அதன் 7ஆம் பிரிவைப் பலர் படிப்பதில்லை. கருக்கலைப்புச் செய்த மருத்துவர் அதுபற்றி அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்று மாநில அரசே ஒழுங்குமுறை வகுக்கலாம் என்கிறது அது. அதே மூச்சில், அந்தத் தகவல் உரியவர் தவிர வேறெவருக்கும் போகாமல் தடுக்கும் விதியையும் மாநிலம் போடலாம் என்கிறது. ஆக, இது டெல்லியின் வேலை என்று சென்னை கைகழுவ வழியில்லை.

2003இல் மத்திய அரசு வகுத்த ஒழுங்குமுறைகளில் மூன்று படிவங்கள் உண்டு. முதலாவது, மருத்துவர் தம் கருத்தைச் சான்றளிப்பது. இரண்டாவது, மருத்துவமனைத் தலைவர் மாதந்தோறும் மாநிலத் தலைமை மருத்துவ அதிகாரிக்கு அனுப்பும் தொகுப்பு. அதில் பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும். மூன்றாவதுதான் எம்.டி.பி. ரிஜிஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் சேர்க்கைப் பதிவேடு. பதிவேடுகளில் பெண்ணின் பெயரும் முகவரியும் இருப்பது இது ஒன்றில்தான். இதை ரகசிய ஆவணம் என்று விதியே சொல்கிறது. கேஸ் ஷீட்டிலோ அறுவை அரங்குப் பதிவேட்டிலோ பெயர் எழுதக் கூடாது. பதிவேட்டின் வரிசை எண்ணைத்தான் குறிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் சம்மதக் கடிதமும் மருத்துவரின் சான்றும் ஓர் உறைக்குள் போய், முத்திரை வைக்கப்பட்டு, மேலே ‘ரகசியம்’ என்று எழுதப்பட வேண்டும். பதிவேட்டுக்கும் ஆயுள் 5 ஆண்டுதான். பிறகு அழித்துவிட வேண்டும்.

அரசு அலுவலகக் காகிதங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். பழைய காகிதத்தை அழிக்கச் சொல்லும் விதி நம் நாட்டில் அபூர்வம். கணினியும் செல்பேசியும் எல்லோர் கைக்கும் வராத காலத்தில், யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் பெயர் எந்தெந்த மேசை வழியாகக் கசியும் என்று யோசித்து ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்திருக்கிறார். அந்த அக்கறையை இன்றைய மென்பொருளிலும் எதிர்பார்ப்பது பேராசையல்ல.

குறைகளும் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டில் ‘இன்னாரின் மனைவி அல்லது மகள்’ என்று ஒரு பத்தி. மதம் என்று இன்னொரு பத்தி. மாதாந்தரத் தொகுப்பிலும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பிறர் என்று பிரித்துக் கேட்கிறார்கள். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் ‘மணமான பெண், அவர் கணவர்’ என்ற சொற்களை நீக்கி ‘எந்தப் பெண்ணும், அவர் இணையரும்’ என்று மாற்றியது. கருத்தடை தோற்றுப்போனதைக் காரணமாகச் சொல்லும் உரிமை அதுவரை சட்டப்படி மணமானவர்களுக்கே இருந்தது. இப்போது எல்லோருக்கும் உண்டு. சட்டமே கணவனைக் கேட்காதபோது பதிவேடு மட்டும் யார் மனைவி என்று கேட்பானேன்? மதம் தெரிந்து மருத்துவத் துறைக்கு ஆகப்போவது என்ன? சிகிச்சைக்கும் பயன்படாமல், திட்டமிடலுக்கும் உதவாமல், அரசியல் மேடைக்கு மட்டும் தீனி போடும் தகவலைச் சேகரிக்கவே கூடாது. இந்த இரண்டு பத்திகளையும் நீக்க வேண்டும் என்று அமைப்பு கோருகிறது.

தண்டனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். தகவல் அனுப்பும் ஒழுங்குமுறையை வேண்டுமென்றே மீறினால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். 1971இல் வைத்த தொகை. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிட்டாலோ, 2021இல் சேர்த்த 5ஏ பிரிவின்படி, ஓராண்டு வரை சிறை. பெயரைக் காப்பதே பெரிது, கணக்கு அனுப்புவது அடுத்தது என்று சட்டம் தன் மனதைத் தெளிவாகவே காட்டியிருக்கிறது. ஆனால் ஒரு ஸ்கேன் சென்டருடன் கூடிய மருத்துவமனையில் இன்னொரு சட்டமும் குடியிருக்கிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டின் பி.என்.டி.டி. சட்டம். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ‘எஃப்’ படிவம் நிரப்ப வேண்டும். அதில் குறை இருந்தாலே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அது குற்றம்தான். தண்டனை 3 ஆண்டு வரை சிறை. இந்த விதி கடுமையாக இருக்கிறது என்று மகப்பேறு மருத்துவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மே மாதம் நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டம் கடுமையாக இருப்பதில் அமைப்புக்கு மறுப்பில்லை. பெண்சிசுக் கொலைக்காக உசிலம்பட்டியின் பெயர் 1980களில் இந்தியா முழுவதும் பேசப்பட்டதையும், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் எந்த நிலையில் தொடங்கியது என்பதையும் யாரும் மறக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 6 வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 943 பெண்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு சட்டங்களையும் ஒரே அதிகாரியின் ஒரே கண் பார்க்கத் தொடங்கும்போது, சட்டப்படியான கருக்கலைப்பும் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. 2012இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் பரளியில் ஒரு மருத்துவமனையில் நடந்த பாலினத் தேர்வுக் கருக்கலைப்புகள் வெளிவந்தபோது, மாநிலம் முழுவதும் சோதனைகள் பறந்தன. அதன் விளைவாகப் பல மருத்துவர்கள் 12 வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பையே தொட மறுத்தார்கள். திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எங்கே போனார்கள் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

திருவண்ணாமலையும் இதைப் பார்த்த ஊர்தான். 2018 டிசம்பரில், மருத்துவப் படிப்பே இல்லாத ஒரு பெண் வீட்டிலேயே ஸ்கேன் கருவி வைத்து, கருவின் பாலினம் சொல்லி, கருக்கலைப்பும் செய்துவந்ததாகக் கைது செய்யப்பட்டார். இதே குற்றச்சாட்டில் முன்பும் கைதானவர் என்று அன்றைய நாளிதழ்கள் எழுதின. அதன்பின் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கங்களில் கையில் எடுத்துப் போகும் ஸ்கேன் கருவிகளோடு அலைந்த கும்பல்கள் அடுத்தடுத்துப் பிடிபட்டன. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் ஒரு குரல் எழும். ‘கருக்கலைப்பு செய்துகொள்ளும் ஒவ்வொரு பெண்ணின் விவரத்தையும் ஆதாரோடு பதிவு செய்யுங்கள், எல்லாம் நின்றுவிடும்.’

நிற்காது. வீட்டில் ஸ்கேன் கருவி வைத்திருந்தவரிடம் எம்.டி.பி. ரிஜிஸ்டர் இருந்திருக்காது. அவர் மாதாமாதம் யாருக்கும் இரண்டாம் படிவம் அனுப்பியிருக்கவும் மாட்டார். தகவல் தரும் கடமை சட்டத்துக்குள் நிற்பவரைத்தான் பிடிக்கும். வெளியே நிற்பவரைப் பிடிக்க வேறு வழிகள் உண்டு. ஸ்கேன் கருவியை யார் யாருக்கு விற்றார்கள் என்ற கணக்கு, பதிவில்லாத கருவியைப் பறிமுதல் செய்வது, ஏற்கெனவே ஒரு முறை கைதானவர் மீதான வழக்கை முடிவு வரை நடத்துவது. முறையாக நடக்கும் மருத்துவமனையில் பெயர் கேட்டு மிரட்டினால், அங்கே போக வேண்டிய பெண்ணும் அந்த வீட்டு வாசலுக்குத்தான் போவார். அங்கே பெயர் கேட்க மாட்டார்கள். அதுவே அந்தத் தொழிலின் முதலீடு.

காகிதப் பதிவேட்டை விட இன்று பெரிய கவலை கணினி. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்தையும் பிக்மி தளத்தில் பதிவு செய்கிறார்கள். 12 இலக்க ஆர்.சி.எச். எண் ஒன்று கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் கூடவே வரும். தாய்சேய் நலத்தில் இந்தத் தொடர்கண்காணிப்பு செய்த நன்மை கொஞ்சமல்ல. 2018–20 கணக்கில் இந்தியாவில் 1 லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. ரத்தசோகை உள்ளவர் யார், ரத்த அழுத்தம் ஏறியவர் யார் என்று கிராம சுகாதாரச் செவிலியரின் விரல்நுனியில் இருந்ததற்கு இதில் பெரும்பங்கு உண்டு.

ஆனால் பதிவான கர்ப்பம் ஒன்று பிரசவத்தில் முடியாதபோது என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். நர்ஸம்மா வீட்டுக்கு வருகிறார். “இந்த மாசம் செக்கப்புக்கு வரலையே?” என்று திண்ணையிலிருந்தே கேட்கிறார். மாமியார் காதில் விழுகிறது, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருடைய திரையில் அந்தப் பெண்ணின் பெயர் சிவப்பில் நிற்கிறது, மேலதிகாரி கேட்பார். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. உறைக்குள் முத்திரை வைத்துப் பூட்டிய ரகசியம் ஒரே கேள்வியில் தெருவுக்கு வந்துவிடுகிறது. கர்ப்பப் பதிவு வேறு, கருக்கலைப்புப் பதிவேடு வேறு. இரண்டையும் எந்த அடையாள எண்ணாலும் இணைக்கக் கூடாது. பெண் தானே முன்வந்து சொன்னால், ‘கண்காணிப்பு முடிந்தது’ என்ற ஒரே குறியோடு அவர் பெயர் செவிலியரின் பட்டியலிலிருந்து இறங்கிவிட வேண்டும். காரணம் கேட்கும் கட்டமே திரையில் இருக்கக் கூடாது.

கத்தி இன்னும் கூர்மையாவது 18 வயதுக்குட்பட்ட பெண்களின் விஷயத்தில். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, சிறுமி மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. 18 நிறையாத பெண் கர்ப்பமாக வந்தாலே, சட்டத்தின் பார்வையில் அங்கே ஒரு குற்றம் நடந்திருக்கிறது. 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவரானாலும் சரி, விரும்பியவனோடு போனவரானாலும் சரி. ஒரு சட்டம் பெயரைச் சொன்னால் சிறை என்கிறது, இன்னொரு சட்டம் சொல்லாவிட்டால் சிறை என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட மருத்துவர் தேர்ந்தெடுக்கும் வழி, பெரும்பாலும், “போலீஸ் ஸ்டேஷன் போய் எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க” என்று அனுப்புவது. வாரங்கள் ஓடிவிடும். 20 தாண்டிவிட்டால் இரண்டு மருத்துவர்கள் வேண்டும், 24 தாண்டிவிட்டால் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான்.

இந்த முடிச்சை உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று அவிழ்த்துவிட்டது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா, ஜே.பி. பர்திவாலா ஆகியோர் அமர்வு, சிறுமியும் அவர் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவருடைய பெயரையோ அடையாளத்தையோ குறிப்பிடத் தேவையில்லை என்றது. மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான உரிமை உண்டு என்று சொன்ன அதே தீர்ப்பு இது. செய்தித்தாள்கள் அந்தப் பகுதியைத் தலைப்பாக்கியதில், சிறுமிகள் பற்றிய இந்தப் பகுதி பலர் கண்ணில் படாமலே போயிற்று. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு இதை எடுத்துச் சொல்லி, கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு சென்னையிலிருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் வரைக்கும் நடந்து வர வேண்டுமே. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும் பெயரில்லாமல் தகவல் தருவதற்கான ஒரு பக்கப் படிவம் தமிழில் அச்சிட்டு வைக்கப்பட வேண்டும். அதை வாங்கிக்கொள்ளும் காவல் ஆய்வாளருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மருத்துவர் பெயரில்லாமல் எழுதிக் கொடுப்பார், ஸ்டேஷனிலிருந்து ஃபோன் செய்து பெயர் கேட்பார்கள்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று இங்கே பயன்படும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் கருக்கலைப்புத் தகவலை மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கின்றன. இந்தியானா மாநிலத்தில் ஒவ்வொரு கருக்கலைப்புக்கும் தனித்தனி அறிக்கை. பெயர் இருக்காது, வயது, கல்வி, இனம், வசிக்கும் பகுதி, முந்தைய பிரசவங்கள் போன்றவை இருக்கும். ஆண்டுக்குப் பல ஆயிரம் அறிக்கைகள் வந்தவரை யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2023இல் அங்கே கருக்கலைப்புக்குக் கிட்டத்தட்ட முழுத்தடை வந்தது. எண்ணிக்கை மிகவும் சுருங்கியது. சின்ன ஊரில் இந்த வயதில் இத்தனை குழந்தையோடு இருப்பவர் யார் என்று சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாமே என்று மாநிலச் சுகாதாரத் துறையே தனி அறிக்கைகளை வெளியிடுவதை நிறுத்தியது. மாநிலத் தலைமை வழக்குரைஞர் டாட் ரோகிடாவோ, இவை மருத்துவ ஆவணமே அல்ல, பொது ஆவணம் என்று 2024இல் கருத்துச் சொன்னார். 2025 பிப்ரவரியில் இரண்டு மருத்துவர்கள் வெளியீட்டைத் தடுக்கக் கோரி வழக்குத் தொடுத்தார்கள். படிவம் அப்படியேதான் இருந்தது. அரசியல் மாறியதும் அதே படிவம் ஆள்காட்டியாகிவிட்டது.

எதிர்முனையும் அங்கேயே உண்டு. கலிஃபோர்னியா தன் எண்ணிக்கையைத் தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்புவதேயில்லை. அதனால் 1969 முதல் அந்த மையம் வெளியிட்டுவரும் தேசியக் கணக்கில் மக்கள்தொகையில் நாட்டின் மிகப் பெரிய மாநிலமே இல்லாமல் நீண்ட காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இலங்கையில் தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் சட்டப்படி கருக்கலைப்புச் செய்ய முடியாது. எனவே சட்டப்படியான கணக்கும் இல்லை. காய்ச்சலோடும் ரத்தப்போக்கோடும் வார்டுக்கு வந்துசேரும் பெண்கள்தான் அங்கே கணக்கு.

பெயரில்லாத தகவலும் பெயரைச் சொல்லும் என்ற இந்தியானாவின் பாடம் ஜவ்வாது மலைக்கு அப்படியே பொருந்தும். திருவண்ணாமலை நகரம் பெரியது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்தில் யார் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. மலையில் அப்படியல்ல. ஒரு மலைக்கிராமத்தில், ‘19 வயது, மூன்றாவது கர்ப்பம், ஜூலை மாதம்’ என்று எழுதினால் முகவரி எழுத வேண்டியதில்லை. ஆகவே தாலுகா வாரியான எண்ணிக்கை வெளியிடும்போது, ஒரு கட்டத்தில் 5க்குக் குறைவாக வந்தால் அந்த எண்ணை மறைத்துவிட வேண்டும், அல்லது பக்கத்துத் தாலுகாவோடு சேர்க்க வேண்டும். புள்ளியியல் துறையில் இது புதுமையல்ல, வழக்கமான நடைமுறை.

இவ்வளவு ஆபத்து என்றால் எண்ணாமலே விட்டுவிடலாமே என்று அமைப்புக்குள்ளேயே சிலர் வாதிட்டார்கள். அவர்களில் இளைய வழக்குரைஞர்கள் அதிகம். அரசிடம் தகவல் இருந்தால் என்றாவது ஒருநாள் அது தவறாகத்தான் பயன்படும் என்பது அவர்கள் கட்சி. வலுவான வாதம்தான். வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்கள் அதற்கு ஒரே பதில் சொன்னார்கள். எண்ணாதது எதற்கும் பட்ஜெட்டில் பணம் வராது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருக்கலைப்புகளில் 27 சதவீதத்தைப் பெண்கள் வீட்டில் தாங்களே செய்துகொண்டார்கள். சரியான வாரத்தில், சரியான அளவில், சரியான ஆலோசனையோடு எடுத்தால் மாத்திரை பாதுகாப்பானது. 9 வாரம் வரை பதிவுபெற்ற மருத்துவர் தரலாம் என்று 2021 விதி சொல்கிறது. ஆனால் மருத்துவர் சீட்டுக்கு விற்க வேண்டிய இந்த மாத்திரையைத் தமிழகத்தில் பல மருந்துக்கடைகள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. ரெய்டு வந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். விளைவு, எங்கிருந்தோ வாங்கிய மாத்திரையை எத்தனையாவது வாரம் என்று தெரியாமல் போட்டுக்கொண்டு, பாதி கலைந்த நிலையில் டி.என்.சி. செய்ய வருகிறார்கள். அது ‘தானாகக் கலைந்தது’ என்று எழுதப்படுகிறது. மருத்துவரைக் குறைசொல்லிப் பயனில்லை. வேறெப்படி எழுதினாலும் அந்தப் பெண்ணை விசாரணைக்குத் தள்ளிவிடுவோமோ என்று அவர் அஞ்சுகிறார். எந்த ஒன்றியத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இருப்பு இல்லை என்று கண்டுபிடிக்க உதவ வேண்டிய எண், இப்படித்தான் காணாமல் போகிறது.

பயமில்லாமல் உண்மை எழுதினால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சான்று உண்டு. கேரளத்தின் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மரணங்களை ரகசிய மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது. இறந்தவரின் பெயர், மருத்துவமனை, மருத்துவர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, என்ன நடந்தது என்று மட்டும் வல்லுநர்கள் படிப்பார்கள். யாரையும் தண்டிக்க அந்தக் காகிதம் பயன்படாது என்ற உறுதி இருந்ததால்தான் மருத்துவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். ரத்தப்போக்கால்தான் அதிகம் பேர் சாகிறார்கள் என்று தெரிந்தபின், அதைக் கையாளும் முறையையே மாநிலம் திருத்திக்கொண்டது. கருக்கலைப்புச் சிக்கல்களுக்கும் இதே முறையைத் தமிழ்நாடு தொடங்க வேண்டும். ‘மாத்திரைக்குப் பின் வந்த சிக்கல்’ என்று எழுதும் மருத்துவருக்கும், அதைச் சொல்லும் பெண்ணுக்கும் அந்த வரி எந்த வழக்கிலும் எதிர்ச்சான்றாகாது என்று அரசு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும்.

மாநில அரசிடம் அமைப்பு கேட்பவற்றில் பெரும்பகுதி 7ஆம் பிரிவு ஏற்கெனவே தந்த அதிகாரத்துக்குள் அடங்கும். மதம், ‘இன்னாரின் மனைவி’ ஆகிய பத்திகள் போகட்டும். மாத்திரையா அறுவையா, எத்தனையாவது வாரம், சிக்கல் உண்டா, வேறிடத்துக்கு அனுப்பப்பட்டாரா என்ற கேள்விகள் வரட்டும். தனியார் மருத்துவமனைகள் மாதக் கணக்கை அனுப்பாவிட்டால், முதலில் நினைவூட்டல், பிறகு அனுமதியைப் புதுப்பிக்கும்போது கேள்வி. காவல்துறையை வாசலில் நிறுத்துவது வேண்டாம். ஆதார், செல்பேசி எண், ஆர்.சி.எச். எண் ஆகியவற்றில் எதுவும் இந்தக் கணக்கோடு சேரக் கூடாது. பதிவேட்டைப் பார்க்க விரும்பும் எந்த அதிகாரியும், ஆட்சியரேயானாலும், நீதிமன்ற ஆணையோடு வந்து, எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆய்வுக்கு வந்தவர் பக்கங்களைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போவதை 5ஏ பிரிவின் மீறலாகக் கருத வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இன்னும் எளிது. திருவண்ணாமலை மாவட்டத்தின் கணக்கு ஆண்டுக்கொரு முறை தமிழில் வெளிவரட்டும். செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி என்று பகுதிவாரியாக, ஜவ்வாது மலையின் எண் போளூரோடு சேர்ந்து. அதே பக்கத்தில், எந்தெந்த அரசு மருத்துவமனையில் இந்தச் சேவை கிடைக்கும், எந்தக் கிழமையில் மருத்துவர் இருப்பார் என்பதும் அச்சாகட்டும். மாவட்டக் குழு அங்கீகரித்த தனியார் மருத்துவமனைகளின் பட்டியலும் அதோடு வர வேண்டும். காலக்கெடு முடிந்தும் அலமாரிகளில் கிடக்கும் பழைய எம்.டி.பி. பதிவேடுகளை விதிப்படி அழித்து, அழித்த தேதியை மருத்துவமனைத் தலைவர் கையொப்பமிட்டுத் தெரிவிக்க வேண்டும். முதல் அறிக்கையை இந்த நிதியாண்டு முடிவதற்குள் வெளியிடுமாறு ஆட்சியரிடமும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் அமைப்பு எழுத்து மூலம் கோரும்; வெளிவரும் எண்களை ஒன்றியம் ஒன்றியமாகக் கிராம சுகாதாரச் செவிலியர்களோடு உட்கார்ந்து படிக்கும் பொறுப்பையும் ஏற்கும்.